எருவின் கணக்கும் சுமந்தவர் கணக்கும்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பெயரால் கூடும் கூட்டத்தில் மலக்கசட்டை உரமாக்குவது பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் மன்றத்துக்குள்ளேயே சிலர் முகம் சுளித்தார்கள். “நம்மைப் பற்றிப் பேச அவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். நாமும் அதையே பேச வேண்டுமா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதைப் பல நாள் விவாதித்த பிறகே இந்த உரையை எழுதினோம். இது ஒருவர் எழுதியதல்ல. மன்றத்தார் உட்கார்ந்து, சண்டை போட்டு, திருத்தி எழுதியது. ஆகவே இதில் ‘நாங்கள்’ என்று வருவது மரியாதைக்காக அல்ல.

பேச்சு எங்கே தொடங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் தோழர் ஒருவருக்கு இந்தத் திருவிடந்தைப் பக்கம் ஒரு ஏக்கருக்கும் குறைவான மணல் நிலம் உண்டு. பாதியில் சவுக்கு, மீதியில் மழையைப் பார்த்துச் செய்யும் வேர்க்கடலை. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு மேல் செப்டிக் டேங்க் லாரி ஒன்று வரப்போரம் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, “அண்ணே, தோப்புல விட்டுட்டுப் போகட்டுமா? எருதானே, மரம் நல்லா வரும். டீச்செலவுக்கு ஏதாச்சும் தரேன்” என்றார். தோழர் யோசித்தார். உர மூட்டை விற்கிற விலையில் அந்த யோசனை வராமல் இருக்காது. அதற்குள் அவருடைய துணைவியார் வாசலுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார்: “எருன்னா பகல்ல வர வேண்டியதுதானே? ஏன் ராத்திரியில வருது?”

லாரி போய்விட்டது. கேள்வி எங்களிடம் தங்கிவிட்டது. அந்தக் கேள்விக்கு வரலாற்றில் விடை தேடியதுதான் இந்த உரை.

எரு என்பது பொய்யல்ல

லாரி ஓட்டுநர் சொன்னதில் பாதி உண்மை. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓர் ஆள் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 500 லிட்டர் சிறுநீரும் 50 கிலோ மலமும் கழிக்கிறார். நிலத்திலிருந்து நெல்லாகவும் பருப்பாகவும் கீரையாகவும் வந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் அதில்தான் திரும்பிப் போகின்றன. தழைச்சத்தில் பெரும்பங்கு சிறுநீரில் இருக்கிறது. மலத்தில் கரிமப் பொருள் அதிகம். கிழக்கே கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் நம் மணல் நிலம் தண்ணீரையும் பிடித்து வைக்காது, உரத்தையும் பிடித்து வைக்காது. ஊற்றியது இறங்கிப் போய்விடும். இப்படிப்பட்ட மண்ணுக்குத் தொழு உரம் போல மக்கிய பொருள் எவ்வளவு வேண்டும் என்று இங்கே பயிர் வைத்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகப் பதப்படுத்திய கசடு அந்த வேலையைச் செய்யும். சீனத்திலும் ஜப்பானிலும் நூற்றாண்டுகளாக மனிதக் கழிவு வயலுக்குத்தான் போயிற்று. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் தன் சாக்கடைக் கசட்டை உலர்த்தி ‘மில்லோர்கனைட்’ என்ற பெயரில் மூட்டை கட்டி விற்கிறது.

ஆகவே எரு என்பது பொய்யல்ல. ஆனால் எந்த ஊரில் இது எருவானாலும், அங்கே இரண்டு கணக்குகள் உண்டு. எவ்வளவு கசடு, எவ்வளவு சத்து, என்ன விலை என்பது ஒன்று. யார் அள்ளினார், யார் சுமந்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்பது இன்னொன்று. முதல் கணக்கு நூற்றைம்பது ஆண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது கணக்கை யாரும் முழுதாக எழுதவில்லை.

இரவு மண்

மலத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் ‘நைட் சாயில்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இரவு மண். ஊர் விழிக்கும் முன் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதால் வந்த பெயர். நம் தோழரின் துணைவியார் கேட்ட கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அது இலண்டனிலும் இரவில்தான் போயிற்று. ஆனால் இலண்டனில் அது ஒரு தொழில். இங்கே அது ஒரு பிறப்பு.

சென்னைப் பட்டணத்தில் எடுப்புக் கக்கூசுகளிலிருந்து வாளியிலும் வண்டியிலும் மலம் போன காலத்தில், 1865இல், கேப்டன் டுல்லோக் என்ற இராணுவப் பொறியாளர் நகருக்கு ஒரு வடிகால் திட்டம் எழுதினார். அப்போது ஐரோப்பா முழுவதும் ஒரு கவலை பரவியிருந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், நகரங்கள் நிலத்தின் சத்தை உறிஞ்சிக் கடலில் கொட்டுகின்றன, இப்படியே போனால் நிலம் ஓட்டாண்டியாகும் என்று எழுதிவந்தார். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, நாடாளுமன்றமே தவித்த பிறகு இலண்டன் பெரும் சாக்கடைகளைக் கட்டியது. அந்தக் காலப் பொறியாளர்கள் பலர், கழிவுநீரைக் கடலில் விடுவதற்குப் பதில் நிலத்தில் பாய்ச்சினால் வருமானம் என்றார்கள். கழிவுநீர்ப் பண்ணை என்ற எண்ணம் அப்படித்தான் இங்கும் வந்தது. பின்னாளில் சென்னையின் கொடுங்கையூரிலும் மதுரையின் அவனியாபுரத்திலும் சாக்கடை நீர் பாய்ந்து மாட்டுத் தீவனப் புல் வளர்ந்தது. நகரத்து மாடுகள் அந்தப் புல்லைத் தின்றன. நகரம் அந்தப் பாலில் காபி குடித்தது. தீட்டு எந்த இடத்தில் கழிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இன்றும் அந்தக் கதை தொடர்கிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் சுத்திகரித்த கழிவுநீரை 1990களிலிருந்து மணலியின் ஆலைகள் விலை கொடுத்து வாங்குகின்றன. அவற்றில் ஒன்று மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் என்ற உர ஆலை. நகரத்தின் கழிவுநீர் உர ஆலைக்குப் போகிறது, உர ஆலையின் யூரியா மூட்டை நம் வயலுக்கு வருகிறது. கழிவுக்கு விலை உண்டு என்பது அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல.

மதிப்பு வந்தால் கைமாறும்

வட இந்தியாவில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. அதை விஜய் பிரசாத் டெல்லியின் துப்புரவுத் தொழிலாளர் பற்றிய தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். டெல்லியில் வீடுகளிலிருந்து மலம் அள்ளியவர்களுக்கு அதை உழவர்களிடம் எருவாக விற்கும் வழக்கமான உரிமை இருந்தது. இழிவான வேலைதான். ஆனால் அந்த எருவில் அவர்களுக்குக் கொஞ்சம் காசும், அந்தக் காசில் கொஞ்சம் பேரம் பேசும் வலுவும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகராட்சி வந்தது. எருவில் வருமானம் இருப்பதைக் கண்டது. விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அள்ளியவர்கள் நகராட்சியின் கூலிகள் ஆனார்கள்.

இதைக் கவனியுங்கள். எருவின் விலை கைமாறியது, வாளி கைமாறவில்லை. மலம் அள்ளுவது உங்கள் குலத்தொழில், அதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று சொன்ன அதே சமூகம், மலத்தை விற்பதும் உங்கள் குல உரிமை என்று சொல்லவில்லை.

1889இன் இறுதியில் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கு அனுப்பியது. அவருடைய அறிக்கை 1893இல் வெளிவந்தது. மனித எரு பற்றியும் அதில் பேசுகிறார். உழவர்களிடம் இதற்குச் சாதி சார்ந்த அருவருப்பு இருக்கிறது, ஆனால் பூனா போன்ற இடங்களில் பயிரின் விளைச்சலைக் கண்ட பிறகு அந்த அருவருப்பு தளர்ந்தது என்பது அவருடைய கணிப்பின் சாரம். ‘பூட்ரெட்’ என்று அவர்கள் சொன்னது மலத்தைச் சாம்பலும் மண்ணும் சேர்த்து உலர்த்திய தூள் எரு. கரும்பு வயலுக்கு அது போயிற்று. அருவருப்பு எருவை விட்டு விலகியது. எருவை உலர்த்தியவரை விட்டு விலகியதாக எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

மான்செஸ்டரிலிருந்து பெங்களூருக்கு

இன்று உலகத்தின் பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்கள் பின்பற்றும் முறையின் தொடக்கம் 1914. மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீரில் காற்றை ஊதி நுண்ணுயிர்களைப் பெருக்கி, அந்தக் கசட்டையே மறுபடி பயன்படுத்தித் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் கில்பர்ட் பவுலர். அவர் 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கசட்டின் தழைச்சத்தை வீணாக்காமல் நிலத்துக்குக் கொண்டுபோவது அவர் வாழ்நாள் ஆர்வம். 1931இல் ஆல்பர்ட் ஹாவர்டும் யஷ்வந்த் வாடும் இந்தூர் முறை என்ற மக்கு உரம் பற்றிய நூலை வெளியிட்டார்கள். 1939 வாக்கில் அதே பெங்களூர் கழகத்தில் ஆச்சார்யா என்பவர் இன்னொரு முறையை வகுத்தார். குழி வெட்டி, ஊர்க் குப்பையும் மலமும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மண் மூடி, கிளறாமல் சில மாதங்கள் விட்டால் உள்ளே எழும் சூடு கிருமிகளைக் குறைத்து எருவாக்கும். பெங்களூர் முறை என்று இதற்குப் பெயர். 1943இல் ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கம் வந்தபோது நகராட்சிகள்தோறும் இப்படிக் குழி வெட்டச் சொன்னார்கள்.

விஞ்ஞானத்தில் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. இந்தூர் முறையில் குவியலைக் கிளற வேண்டும், பெங்களூர் முறையில் வேண்டாம். அந்த அளவுக்கு ஒரு கையின் வேலை குறைந்தது நல்லதுதான். ஆனால் குழியின் வாய் வரை அந்த வாளி எப்படி வந்தது? வீட்டின் பின்புறச் சந்தில் இருந்து குழி வரை உள்ள அந்தத் தூரம் முறையில் இல்லை. அங்கே ஒரு சாதி இருந்தது, அதனால் இயந்திரம் தேவைப்படவில்லை. காந்தியார் மலத்தைப் பொன் போன்ற எரு என்று போற்றி, ஆசிரமத்தில் எல்லோரையும் அள்ள வைத்தார். அந்த முயற்சியை நாம் சிறுமைப்படுத்த வேண்டாம். ஆனால் அண்ணல் அம்பேத்கர் பார்த்த இடம் வேறு. துப்புரவுத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் குற்றம் என்று சட்டம் இருக்கும் நாட்டில், அந்த வேலையைப் புனிதம் என்று சொல்வதால் யாருக்கு லாபம் என்று அவர் கேட்டார். வேலையை விட்டுப் போகும் உரிமை இல்லாதவரிடம் வேலையின் பெருமையைப் பேசக் கூடாது.

இரண்டு சாதிகள், ஒரே நிலமின்மை

இப்போது நம் செங்கல்பட்டுக்கு வருவோம்.

பட்டணத்தில் மலம் அள்ளியவர்களில் பெரும்பகுதி தெலுங்கு பேசிய ஆதி ஆந்திர மக்களும் அருந்ததியரும். செங்கல்பட்டுச் சீமையின் வயலில் ஏர் பிடித்து, நாற்று நட்டு, படியாளாகக் கிடந்தவர்களில் பெரும்பகுதி பறையர். ஒருவர் எருவை உண்டாக்கினார், மற்றவர் எருவை வயலில் இறைத்தார். இருவருக்கும் சொந்த வயல் இல்லை. இதோடு ஓர் உண்மையையும் நாம் சொல்லியாக வேண்டும். வயலில் இருந்தவர் வாளி தூக்கியவரைத் தன்னில் ஒருவராக எண்ணவில்லை. நாம் ஏர் பிடித்தவர்கள், அவர்கள் வேறு என்று நம் சேரியிலும் சொன்னார்கள். முகம் சுளித்த தோழர்களின் சுளிப்பில் அந்தப் பழைய பேச்சின் மிச்சமும் இருக்கிறது என்று மன்றத்திலேயே சொல்லி, அதைப் பதிவு செய்திருக்கிறோம்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம், கடன் தலைமுறைகளாக ஏறிக் கிடக்கிறது, தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை என்பதை அதில் காட்டினார். 1892 செப்டம்பர் 30இல் பிறந்தது பஞ்சமி நில ஆணை. தமிழகம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்டவரைத் தவிர மற்றவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதே ஆண்டுகளில்தான் மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார், 1893இல் ‘பறையன்’ இதழை நடத்தத் தொடங்கினார்.

அப்போது செங்கல்பட்டு ஆட்சியரின் அலுவலகம் சைதாப்பேட்டையில் இருந்தது. 1860களில் இருந்து அரசின் வேளாண் சோதனைப் பண்ணை இருந்ததும் அதே சைதாப்பேட்டையில்தான். எந்த எரு போட்டால் எவ்வளவு விளையும் என்று ஒரு கட்டடத்தில் எழுதினார்கள். அந்த எருவைப் போடுகிறவனுக்கு ஒரு சாண் நிலம் இல்லை என்று இன்னொரு கட்டடத்தில் எழுதினார்கள். இரண்டு கோப்புகளும் சந்தித்திருந்தால் இந்த மாவட்டத்தின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

கொடுத்த நிலமும் நிலைக்கவில்லை. பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப்போனது. எருவும் மாடும் முன்பணமும் இல்லாமல் கொடுக்கப்பட்ட தரிசு, அடமானத்துக்குப் போக அதிக நாள் ஆகாது. அதைக் கேட்டு எழுந்த காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். இந்தக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இன்று எந்த நிலத்தைப் பார்த்தாலும், முதலில் அது யாருடையது என்று கேட்கும் பழக்கம் நமக்கு அவர்கள் தந்தது.

கருங்குழியில் ஒரு படுகை

அதே மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழி என்ற பேரூராட்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் செப்டிக் டேங்க் கசட்டுக்கென்றே தனியாகக் கட்டிய முதல் சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான் 2017இல் தொடங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் கசட்டை அது ஏற்கும். கருங்குழி, மதுராந்தகம் பகுதியின் லாரிகள் அங்கே வந்து இறக்குகின்றன. கசடு முதலில் உலர்படுகைகளில் பரப்பப்படுகிறது. நீர் வடிந்து குளங்களுக்குப் போய்த் தெளிகிறது. படுகையில் காய்ந்து எஞ்சுவதைச் சுரண்டி எடுத்துச் சேமித்துப் பின் எருவாகப் பயன்படுத்தலாம். 2014இலேயே தமிழக அரசு செப்டிக் டேங்க் கசடு பற்றி உள்ளாட்சிகளுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2017 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் கொள்கை வந்தது. அதற்கு முன் 2015இலேயே கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் இப்படி ஒரு நிலையம் தொடங்கிவிட்டது. நீலகிரியின் கேத்தி, அதிகரட்டி பேரூராட்சிகளில் கசட்டைக் குப்பையோடு சேர்த்து மக்கவைத்து எருவாக்குகிறார்கள்.

இவை நல்ல முயற்சிகள். வயலிலும் ஏரியிலும் கால்வாயிலும் பச்சைக் கசட்டை இரவில் கொட்டுவதற்கு மாற்று இதுதான். பச்சைக் கசட்டுக்கும் பதப்படுத்திய கசட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர்களில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பச்சைக் கசட்டில் உருண்டைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இருக்கும். உருண்டைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக் கணக்கில் சாகாமல் கிடக்கும். செருப்பில்லாமல் வயலில் இறங்குகிறவரின் பாதத்தோல் வழியே கொக்கிப்புழு ஏறும், இரத்தத்தைக் குடிக்கும், சோகை வரும். செருப்பில்லாமல் வயலில் இறங்குகிறவர் யார் என்று சொல்ல வேண்டுமா? அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2006இல், பயிருக்குப் போகும் கசட்டில் காய்ந்த நிறையில் ஒரு கிராமுக்கு ஒரு புழு முட்டைகூட முழுதாக இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது.

இன்னொரு ஆபத்து உலோகம். வீட்டுக் கசட்டில் அது குறைவு. ஆனால் ஆலைக் கழிவு கலந்த சாக்கடையின் கசட்டில் குரோமியமும் காரீயமும் காட்மியமும் சேரும். தோல் பதனிட்ட ஆலையின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்திருக்கும் குரோம்பேட்டை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெயிலில் காய்ந்தால் புழு முட்டை சாகும், குரோமியம் சாகாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், என்றும் அழியாத செயற்கை வேதிப்பொருள்கள் பண்ணை மண்ணிலும் பாலிலும் கிணற்றிலும் சேர்ந்ததைக் கண்டு, 2022இல் சாக்கடைக் கசட்டை நிலத்தில் பரப்புவதையே தடை செய்தது. ஒரு காலத்தில் எருவென்று நம்பிப் போட்ட உழவர்கள்தான் அங்கே பண்ணையை இழந்தார்கள். ஆகவே “இயற்கை உரம்” என்று மூட்டையில் எழுதியிருப்பதால் மட்டும் நாம் வாங்கிப் போட்டுவிட முடியாது.

சாதி கலந்த பொருள்

வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு மலக்கசடு என்பது தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த பொருள். இந்த நாட்டில் அதில் சாதியும் கலந்திருக்கிறது. 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் நம்மவர் வாயில் மலத்தைத் திணித்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. இந்த நாட்டில் மலம் ஓர் ஆயுதம். ஆகவே சேரியை ஒட்டிய நிலத்தில் ஒரு கசடு நிலையம் வருகிறது என்றால் அங்குள்ளவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எருவல்ல. அவர்களை அறியாமையில் எதிர்க்கிறார்கள் என்று எழுதும் அறிக்கைகளுக்கு இதுவே எங்கள் பதில்.

செத்தவர்களின் கணக்கும் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இலும், மறுபடி 2013இலும் வந்தது. 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20இல் அதை 30 லட்சம் ஆக்கியது. 1993 முதல் எண்ணப்பட்ட சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. தொகை மூன்று மடங்கானது நல்லதுதான். ஆனால் தொகை ஏறும் வேகத்தில் இயந்திரம் இறங்கவில்லை. இந்தக் கடற்கரைச் சாலையின் விடுதிகளுக்கும் வாரக்கடைசி வீடுகளுக்கும் பின்னால் உள்ள தொட்டிகளில் குழாய் எட்டாத அடிக்கசடு இறுகிக் கிடக்கும்போது, “கொஞ்சம் இறங்கிக் கலக்கி விடு” என்று இன்றும் ஒருவரைச் சொல்கிறார்கள். அந்தக் கசடுதான் லாரியில் ஏறி, படுகையில் காய்ந்து, எருவாகிறது. எருவின் முதல் படியில் ஓர் உயிர் பணயம் வைக்கப்பட்டிருந்தால், கடைசிப் படியில் அதை ‘பசுமை’ என்று அழைக்க நாம் சம்மதிக்க முடியாது.

நாம் கேட்பது

மன்றத்தில் இரண்டு கருத்துகள் இருந்தன. இந்தப் பொருளின் பக்கமே போகக் கூடாது, தலைமுறையாக நம்மை அதோடு கட்டியவர்களே அதை என்னவோ செய்துகொள்ளட்டும் என்பது ஒன்று. நிலமும் தண்ணீரும் நமக்கும் வேண்டும், விலகி நின்றால் இப்போதும் விலையை அவர்களும் வாளியை நாமும் எடுத்துக்கொள்வோம் என்பது மற்றொன்று. நீண்ட பேச்சுக்குப் பிறகு இரண்டாவது பக்கம் வந்து சேர்ந்தோம். டெல்லிக் கதைதான் எங்களை அந்தப் பக்கம் தள்ளியது. அதனால் இவற்றைக் கேட்கிறோம்.

தொட்டியிலிருந்து வயல் வரை எந்த இடத்திலும் மனிதக் கை கசட்டைத் தொடக் கூடாது. எந்தத் தொட்டிக்குள்ளும் மனிதர் இறங்கக் கூடாது. நிலையங்களில் வேலை நிரந்தர வேலையாக, முறையான ஊதியத்தோடு, எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். படுகை சுரண்டும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் ஒரு சேரியை மட்டும் தேடி வந்தால், எடுப்புக் கக்கூசு பெயர் மாறி வந்திருக்கிறது என்றே பொருள்.

ஆலைக் கழிவு கலந்த கசடு எந்த வயலுக்கும் வரக் கூடாது. புழு முட்டை, உலோகம் இரண்டுக்குமான சோதனை முடிவு தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்ட பிறகே முதல் மூட்டை வெளியே போக வேண்டும். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் காய்க்கும் இது வேண்டாம். சவுக்கு போன்ற மரப்பயிரில் தொடங்கட்டும்.

விற்ற காசில் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும். எருவில் முதல் உரிமை நிலம் குறைந்த உழவருக்கும் பஞ்சமி நிலத்தில் பயிர் செய்வோருக்கும் வேண்டும். அதற்கு முன் பஞ்சமி நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும். நிலமில்லாதவனுக்கு எருவில் பங்கு என்று சொன்னால் அது இன்னொரு கேலி. 1892இல் நிலம் மட்டும் தந்து எருவும் பணமும் தராமல் விட்டார்கள். இப்போது எருவை மட்டும் காட்டி நிலத்தை மறக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தபோது, இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை ஏன் தாமே வைத்துக்கொள்கிறீர்கள் என்று நம்மவர்களே கேட்டார்கள். அவர் ஒளியவில்லை. சொல்லை வெளிச்சத்தில் வைத்து அதன் மேல் உரிமை கேட்டார். இந்தப் பொருளையும் அப்படியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பேச வேண்டும் என்பதால்தான் அவர் பெயரிலான கூட்டத்தில் இதைப் பேசினோம்.

அந்த லாரி மறுபடி ஒருநாள் வரும். திருவிடந்தையின் மணலுக்கு எரு வேண்டும் என்பதும் மாறப்போவதில்லை. வரட்டும். ஆனால் பகலில் வரட்டும். எந்த ஊர்க் கசடு, எங்கே பதப்பட்டது, என்ன சோதனை ஆனது, யார் ஓட்டி வந்தார், அவருக்கு என்ன ஊதியம் என்று எழுதிய சீட்டோடு வரட்டும். அன்று நம் தோழரின் துணைவியார் வாசலுக்கு வந்து சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வார். அவர் எதைச் சொன்னாலும் அது அவருடைய நிலம் பற்றிய அவருடைய முடிவாக இருக்கும்.

ஜெய் பீம்.